சிகரெட்டை என்னால் விட முடியுமா, முடியாதா என்று ஸ்கேன் சொல்லுமா?

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 16 ஆண்டுகளாக நாளொன்றுக்கு 12 முதல் 15 சிகரெட் வரை பிடித்து வந்தேன். இந்த முறை யாருடைய உதவியும் இல்லாமல் விட்டு 33 நாள்கள் தாக்குப்பிடித்தேன். முதல் வாரத்துத் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாவற்றையும் கடந்து, இனிக் கஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன். அப்போது ஒரு நாள் மாலை நாலு மணிக்கு, வழக்கமான டீக்கடையில் டீயைக் கையில் வாங்கிய நேரத்தில், பக்கத்தில் நின்றவர் பற்றவைத்த வாசனை வந்தது; அடுத்த நிமிடம் என் கையிலும் சிகரெட் இருந்தது. அதன் பிறகு ஆறு நாள்களில் 11 சிகரெட் பிடித்துவிட்டேன். இது எனக்கு மூன்றாவது தோல்வி. சிகரெட் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தால் யாரால் விட முடியும், யாரால் முடியாது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று படித்தேன். எவ்வளவு செலவானாலும் அதை எடுத்துக்கொள்கிறேன். முடியாது என்று தெரிந்துவிட்டால் வீணாகப் போராட வேண்டாமே? மனைவிக்கு இன்னும் தெரியாது. சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது, "முடியாது என்று தெரிந்துவிட்டால் வீணாகப் போராட வேண்டாமே" என்ற வரிதான். அந்த வரிக்குப் பதில் சொல்வதற்காகவே, நீங்கள் படித்த ஆய்வு உண்மையில் எதைக் கண்டது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஸ்கேனுக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தில் சிறு பகுதி போதும், உங்களுக்குத் தேவையான சிகிச்சையையே வாங்கிவிடலாம்.

நீங்கள் படித்த செய்தி, 2010-ஆம் ஆண்டில் ஏமி ஜேன்ஸ் என்ற ஆய்வாளரும் அமெரிக்காவில் பாஸ்டன் நகரையொட்டிய மெக்லீன் மருத்துவமனையைச் சேர்ந்த அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளைத்ததாக இருக்கலாம். புகைப்பழக்கத்தை விட முன்வந்த 21 பெண்களை, அவர்கள் விடுவதற்கு முன்பே, மூளையின் எந்தப் பகுதி எப்போது இயங்குகிறது என்று காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, சிகரெட் தொடர்பான படங்களையும் அதற்குத் தொடர்பில்லாத படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பிறகு அந்தப் பெண்கள் நிகோடின் மாற்று மருந்தின் துணையோடு சிகரெட்டை விட்டார்கள். 12 பேர் உறுதியாக நின்றார்கள். 9 பேர் இடையில் வழுக்கி, திரும்பப் புகைத்தார்கள். வழுக்கியவர்களின் பழைய ஸ்கேனைப் பார்த்தபோது, சிகரெட் படத்தைக் கண்ட கணத்தில் இன்சுலா, அமிக்டலா, முன் சிங்குலேட் முதலிய மூளைப் பகுதிகளின் இயக்கம் மற்றவர்களைவிடத் தூக்கலாக இருந்தது தெரிந்தது. இன்சுலாவுக்கும், நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கும் முன்மூளைப் பகுதிகளுக்கும் இடையிலான ஒத்திசைவு அவர்களிடம் குறைந்திருந்தது. சிகரெட் சம்பந்தமான சொற்களைக் கண்டால் கவனம் எவ்வளவு சிதறுகிறது என்று அளக்கும் எளிய சோதனை ஒன்றின் முடிவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, யார் வழுக்குவார் என்பதை 79 சதவீத அளவுக்குச் சரியாகக் கணிக்க முடிந்தது.

இது மதிப்புள்ள ஆய்வு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 21 பேரிடம் கண்ட ஒன்றை வைத்து 22-ஆவதாக வரும் உங்களுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அந்த 21 பேரிலேயே, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் விஷயத்தில் கணிப்பு தவறியது. அவர்கள் அனைவரும் பெண்கள், அனைவரும் மருந்தின் உதவியோடு விட்டவர்கள். நீங்கள் ஆண், மருந்தில்லாமல் முயன்றவர். இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. மூளை அதிகமாகத் துடிப்பவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, அவர்களுக்குக் கூடுதலான, பொருத்தமான சிகிச்சையைத் தர வேண்டும் என்பதற்காகவே இத்தகைய ஆய்வுகள் செய்யப்படுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாகச் சோதனை காட்டினால் நாம் மருந்தைச் சரிசெய்கிறோம். இனி மருந்து வீண் என்று யாரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. நீங்கள் அந்த ஸ்கேனிலிருந்து எடுக்க நினைத்த முடிவு, அதைச் செய்தவர்கள் எண்ணியதற்கு நேர் எதிரானது.

இன்சுலா என்று சொன்னேன். அது மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் ஒரு பகுதி. வயிறு காலியாக இருப்பது, நெஞ்சு படபடப்பது, தொண்டை வறள்வது போன்ற உடம்பின் உள்நிலைகளை நமக்கு உணர்த்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2007-இல் அயோவா பல்கலைக்கழகத்து நோயாளிகளை வைத்து நாசிர் நக்வியும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு இத்துறையில் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. மூளையில் பாதிப்பு ஏற்பட்ட 69 புகைப்பழக்கக்காரர்களில் 19 பேருக்கு அந்தப் பாதிப்பு இன்சுலாவைத் தொட்டிருந்தது. அந்த 19 பேரில் 12 பேர் எந்தப் போராட்டமும் இல்லாமல், ஏக்கமும் இல்லாமல், திரும்ப வழுக்காமல் சிகரெட்டை விட்டுவிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், புகைக்க வேண்டும் என்ற உந்துதலையே தம் உடம்பு மறந்துவிட்டதாகச் சொன்னார். மூளைப் பாதிப்பை யாரும் வைத்தியமாகக் கொள்ள முடியாது. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. டீயைக் கையில் வாங்கியபோது உங்களுக்கு வந்தது ஒரு எண்ணம் மட்டுமல்ல. தொண்டையிலும் நெஞ்சிலும் விரல் நுனியிலும் எழுந்த ஓர் உடல் உணர்வு அது, பசியைப் போல. வைராக்கியம் இல்லாதவன் என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பசிப்பவனை வைராக்கியம் இல்லாதவன் என்று நாம் சொல்வதில்லை.

அந்தப் பசி எப்படி உண்டானது என்று பாருங்கள். புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிகளுக்குள் நிகோடின் மூளையை அடைந்து டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்கிறது. டோபமினை இன்பம் தரும் பொருள் என்று மட்டுமே பலரும் எழுதுகிறார்கள். அது கற்பிக்கும் பொருளும்கூட. 1990-களில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், டோபமின் நரம்பணுக்கள் தொடக்கத்தில் பழச்சாறு வாயில் விழும்போது துடித்தன. சாறு வரப்போவதை ஒரு விளக்கு முன்னறிவிக்கிறது என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகோ, அந்தத் துடிப்பு சாற்றைவிட்டு விளக்குக்கு இடம் மாறியது. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வழக்கமாக இருக்கும் இயக்கமும் சட்டென்று தாழ்ந்தது. உங்கள் கணக்கைப் போடுவோம். வேலை நாளில் இரண்டு டீ, இரண்டுக்கும் ஒவ்வொரு சிகரெட் என்றால், 16 ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 முறை அந்த டம்ளரும் அந்தப் புகையும் ஒன்றாக வந்திருக்கின்றன. டீ வந்து சிகரெட் வராதபோது மூளை எதையோ இழந்ததுபோல் தவிப்பதில் வியப்பில்லை.

பற்றவைத்த சிகரெட் கண்ணில் படவே வேண்டும் என்பதும் இல்லை. சிந்தியா காங்க்ளின் என்ற அமெரிக்க உளவியலாளர், சிகரெட்டே இல்லாத, வெறும் இடங்களின் படங்களைக் காட்டினார். வழக்கமாகப் புகைக்கும் இடங்களைப் பார்த்ததுமே மக்களுக்கு ஏக்கம் கூடியது. டீக்கடை பெஞ்சு, கடை ஓரத்தில் தொங்கும் நெருப்புக் கயிறு, நாலு மணி என்று காட்டும் கடிகாரம் ஆகிய ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரு விளக்குதான்.

இனி, 33-ஆம் நாளுக்கு வருகிறேன். முதல் வாரத்தைத் தாண்டியவன் ஐந்தாவது வாரத்தில் ஏன் விழுந்தேன் என்பதுதான் உங்களை அதிகம் குழப்பியிருக்கிறது. நிகோடின் நின்றதால் வரும் தலைவலி, எரிச்சல், தூக்கக் குறைவு ஆகியவை முதல் சில நாள்களில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். தூண்டுதலைக் கண்டால் எழும் ஏக்கம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. 2011-இல் கிலிண்டர் பேடியும் அவருடைய சகாக்களும், சிகரெட்டை நிறுத்தி 7 நாள், 14 நாள், 35 நாள் ஆனவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிகரெட் தூண்டுதல்களைக் காட்டினால் எழும் ஏக்கம், நிறுத்திய காலம் நீள நீளக் கூடியிருந்ததைக் கண்டார்கள். நாள் முழுவதும் இருந்த நமநமப்பு குறைந்து, ஓர் இடத்தில் மட்டும் பாயும் வேகம் கூடுகிறது. அதனால்தான் மனிதர் ஏமாந்துபோகிறார். உள்ளுக்குள் அமைதியாக இருக்கிறதே என்று நம்பிப் பழைய பெஞ்சில் போய் உட்காருகிறார். என்னிடம் வருபவர்களில் பலர் சொல்வதும் இதுவே: "டாக்டர், அதை மறந்தே போயிருந்தேன், எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை." நீங்கள் ஐந்தாவது வாரத்தில் விழுந்தது உங்கள் மூளை மட்டும் பழுதானது என்பதற்கு அடையாளம் அல்ல. அந்த வாரத்தில் அந்த இடம் அபாயமானது என்று யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாததுதான் குறை.

இதனால், ஸ்கேன் சொல்லக்கூடியதைவிட அதிகமானதை அந்த நாலு மணி உங்களுக்குச் சொல்லிவிட்டது என்பது என் கருத்து. ஸ்கேன் பொதுவான படங்களைக் காட்டி, பொதுவான ஓர் அளவைத் தரும். உங்கள் மூளை எந்த மணிக்கு, எந்தக் கடையில், எந்த வாசனைக்கு, யார் பக்கத்தில் இருக்கும்போது துள்ளுகிறது என்பது அதில் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இன்றிரவே ஒரு தாளில், கடந்த ஆறு நாள்களில் பிடித்த 11 சிகரெட்டுகளையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள்: நேரம், இடம், உடன் இருந்தவர், கையில் இருந்தது. 11-உம் 11 காரணங்களாக இருக்காது. மூன்று, மிஞ்சினால் நான்கு இடங்களுக்குள் அடங்கிவிடும்.

அந்த இடங்களுக்கு அடுத்த இரண்டு மூன்று மாதங்கள் போகாதீர்கள். "போய் நின்று பார்த்துத்தானே பழக வேண்டும், எத்தனை நாள் ஒளிவது" என்று சிலர் கேட்பார்கள். தூண்டுதலைத் திரும்பத் திரும்பக் காட்டி ஏக்கத்தை அணைக்கும் முறையை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் முயன்று பார்த்தார்கள். பலன் மிகச் சொற்பம். ஆய்வகத்தில் அணைந்த ஏக்கம் தெருவில் இறங்கியதும் திரும்ப எரிந்தது. பழைய பாடத்தை மூளை அழிப்பதில்லை. அதன் மேல் புதிய பாடத்தை எழுதுகிறது, அந்தப் புதிய எழுத்து எழுதிய இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே சோதித்துப் பார்க்கும் வீரம் இப்போது வேண்டாம். டீயை பிளாஸ்கில் கொண்டுபோய் கம்பெனிக்குள், மெஷின் பக்கத்திலோ மாடியிலோ, புகைக்காத ஒருவரோடு குடியுங்கள். முடிந்தால் சில வாரங்கள் டீயையே மாற்றி, மோரோ சுக்குக் காபியோ குடியுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள், டீயிலும் காபியிலும் உள்ள கஃபீனைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்கின்றன. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு டீ குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் கூடுதலாகத் தங்குகிறது. படபடப்பும் தூக்கமின்மையும் அதிலிருந்தும் வரலாம். நாமோ அதைச் சிகரெட் இல்லாத குறை என்று எண்ணிவிடுகிறோம். நாளைக்கு ஐந்தாறு டீ குடிப்பவராக இருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2010-இல் ரூவென் டார் என்ற இஸ்ரேலிய உளவியலாளர், புகைப்பழக்கம் உள்ள விமானப் பணியாளர்களிடம், குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் ஏக்கம் எப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்டுப் பதிவு செய்தார். விமானத்தில் யாரும் பிடிக்க முடியாது; நிகோடின் குறையும் வேகமும் இரண்டு பயணங்களிலும் ஒன்றுதான். ஆயினும் குறுகிய பயணம் தரையிறங்கும் நேரத்தில் அவர்களின் ஏக்கம் உயர்ந்திருந்தது. நீண்ட பயணத்தில், புறப்பட்டு அதே அளவு நேரம் ஆனபோதும் அந்த அளவுக்கு உயரவில்லை. கடைசியாகப் பிடித்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைவிட, அடுத்ததைப் பிடிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற எதிர்பார்ப்பே ஏக்கத்தை ஆட்டிவைத்தது. ஒற்றைச் சிகரெட்டைச் சில்லறைக்கு வாங்கக்கூடிய நம் பெட்டிக்கடைகள் அந்த எதிர்பார்ப்பை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கின்றன. "முடிந்தவரை பிடிக்காமல் இருப்பேன்" என்ற சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வழக்கமாக வாங்கும் கடைக்காரரிடமும், உடன் டீ குடிக்கும் நண்பர்களிடமும், "நான் கேட்டாலும் தராதீர்கள்" என்று நேரில் சொல்லிவிடுங்கள். அந்தக் கதவு மூடினால் ஏக்கமும் இறங்கும்.

அப்படியும் எதிர்பாராமல் ஓர் ஏக்கம் வந்துவிட்டால், அது பெரும்பாலும் சில நிமிடங்களில் ஏறி இறங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 2009-இல் செய்த ஒரு சிறிய ஆய்வில், 10 நிமிடம் மிதமாக சைக்கிள் மிதித்த பிறகு புகைப்பவர்களின் ஏக்கம் தணிந்ததோடு, சிகரெட் படங்களுக்கு மூளை காட்டும் மறுமொழியும் மாறியிருந்தது. வேகமாக ஒரு தெரு நடந்துவிட்டு வருவது உங்களால் முடியும். நியூயார்க்கில் ஹெடி கோபரும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வும் உங்களுக்குத் தைரியம் தர வேண்டும். சிகரெட் படத்தைப் பார்க்கும்போது அதன் உடனடிச் சுவையை நினைக்காமல் நீண்டகால விளைவை நினைக்கும்படி சொன்னபோது, முன்மூளையின் இயக்கம் கூடி, ஆசையோடு தொடர்புள்ள பகுதிகளின் இயக்கமும் ஏக்கமும் ஒருசேரக் குறைந்தன. தூண்டுதலுக்கு மூளை தரும் மறுமொழி கல்லில் வெட்டிய எழுத்தாக இருந்தால் இப்படி நடந்திருக்காது. ஆனால் விளைவு என்று பொதுவாகப் புற்றுநோயை நினைத்தால் மனம் அதைத் தள்ளிவிடும். உங்களுக்கே உரிய ஒன்றை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது வாங்கும் மூச்சைப் போன்ற ஒன்றை, முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மருந்து. மூன்று முறையும் மருந்தில்லாமல் முயன்றிருந்தால், நீங்கள் மூன்று முறை தோற்றதாக நான் எண்ணவே மாட்டேன். எந்தத் துணையும் இல்லாமல் ஒரு முறை முயல்பவர்களில், 6 முதல் 12 மாதம் வரை தொடர்ந்து நிற்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான். நிகோடின் ஒட்டுப்பட்டை நாள் முழுவதும் இருக்கும் நமநமப்பைக் குறைக்கும். டீக்கடை வாசலில் எழும் திடீர்ப் பாய்ச்சலை அது பெரிதாகத் தடுப்பதில்லை. அதற்கு நிகோடின் சூயிங்கம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. கம்மைச் சாதாரணச் சூயிங்கம் போல் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியதும் திரும்ப மெல்ல வேண்டும். நிகோடின் ஏற 20 முதல் 30 நிமிடம் ஆகும் என்பதால், நாலு மணிக் கண்டத்துக்கு மூன்றரைக்கே போட்டுக்கொள்ளுங்கள். மெல்லும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்பும் எதையும் குடிக்க வேண்டாம். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்பட்டவர் என்றால், எந்த அளவுக் கம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள்.

வரெனிக்ளின் என்ற மாத்திரையைப் பற்றியும் அவரிடம் பேசுங்கள். நிகோடின் பொருந்தும் அதே பூட்டில் பாதி மட்டும் திரும்பும் சாவி போன்றது அது. தவிப்பையும் குறைக்கும், இடையில் பிடித்தாலும் முழுச் சுகத்தைத் தராது. மனநிலையைப் பாதிக்கும் என்ற அச்சம் முன்பு இருந்தது. 8,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2016-இல் வெளியான பெரிய ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அத்தகைய பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. சிகரெட்டை விடுவதில் அது ஒட்டுப்பட்டையைவிடக் கூடுதல் பலனையும் தந்தது. குமட்டல் சிலருக்கு வரும். சிறுநீரகக் கோளாறு கடுமையாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். வழக்கமாக 12 வாரம் எடுக்கச் சொல்வோம். உங்கள் ஐந்தாவது வாரம் அந்தக் காலத்துக்குள் பத்திரமாக அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசகரோடு பேசலாம்.

ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ஃபிரான்செஸ்கோ வெர்சாச்சே முதலியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சிகரெட் படத்துக்குப் பெரிதாகவும், மற்ற இனிய படங்களுக்கு மங்கலாகவும் மூளை மறுமொழி தந்தவர்களே நீண்டகாலம் விட்டிருப்பதற்கு அதிகம் சிரமப்பட்டார்கள். இதை வைத்து, இன்பங்களைக் கூட்டினால் சிகரெட் தானாக விலகும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் உங்கள் நாளில் சிகரெட் இடைவேளையைத் தவிர வேறு இளைப்பாறலே இல்லாமல் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அந்த ஐந்து நிமிடங்களை வெறுமையாக விடாதீர்கள்.

மனைவியிடம் சொல்லுங்கள், இன்றே சொல்லுங்கள். மறைத்துப் பிடிக்கும் சிகரெட்டுக்கு மறைவிடம் ஒன்று தேவைப்படும். அந்த மறைவிடம் இன்னொரு தூண்டுதலாகிவிடும். "33 நாள் இருந்தேன், ஆறு நாளில் 11 பிடித்தேன், இன்றோடு நிறுத்துகிறேன்" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். அவரிடம் பொதுவாக ஆதரவு கேட்காமல், பிளாஸ்கில் டீயோ சுக்குக் காபியோ போட்டுத் தருவது, நாலு மணிக்கு ஒரு முறை போனில் அழைப்பது என்று செய்யக்கூடிய இரண்டைக் கேளுங்கள். சட்டையை முகர்ந்து பார்ப்பதையும், தினமும் "இன்றைக்குப் பிடித்தீர்களா" என்று கேட்பதையும் அவர் தவிர்த்தால் நல்லது. அதை உங்கள் வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால், இந்தப் பத்தியை அவரிடம் காட்டிவிடுங்கள்.